பூட்டிய வீடும் தாய்மொழிச் சாவியும்: சத்யஜித் ராயின் புதிர்க்கதைகள் குறித்து

சிறுவர்களுக்காக எழுதப்படும் துப்பறியும் கதைகளை இலக்கியம் என்று ஏற்றுக்கொள்ள நம்மில் பலருக்கு இன்றும் ஒரு தயக்கம் உண்டு. "பொழுது போகப் படிக்கிற புஸ்தகம்தானே!" என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிடுவோம். வங்காளிகளிடம் இந்தத் தயக்கம் இல்லை. அவர்கள் வீட்டு அலமாரியில் ரவீந்திரநாதருக்குப் பக்கத்திலேயே ஃபெலுதாவும் நிற்பார். இந்த ஊரில் பல்லாண்டுகளாக வாழ்கிற தமிழ்க் குடும்பங்களாகிய நாம் அந்த அலமாரியிலிருந்து எதை எடுத்துக்கொண்டோம், எதை விட்டுவிட்டோம் என்று எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூட்டிய வீட்டுக்குள் சிறுவர்கள் மாட்டிக்கொள்வதும், புதிர்களை ஒவ்வொன்றாக விடுவித்தால்தான் கதவு திறக்கும் என்பதும் இன்று உலகெங்கும் இளையோர் நாவல்களில் புழங்கும் கரு. அமெரிக்க எழுத்தாளர் எல்லன் ராஸ்கின் 1978-இல் எழுதிய 'தி வெஸ்டிங் கேம்' நாவலில் ஒரு செல்வந்தரின் உயிலே புதிராக வருகிறது. கிறிஸ் கிராபென்ஸ்டைன் 2013-இல் வெளியிட்ட 'எஸ்கேப் ஃப்ரம் மிஸ்டர் லெமன்செல்லோஸ் லைப்ரரி'யில் 12 வயதுப் பிள்ளைகள் 12 பேர் ஒரு புதிய நூலகத்துக்குள் இராத் தங்கி, வெளியே வரும் வழியைத் தேடுகிறார்கள். 2007-இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் இதையே நேரடி விளையாட்டாக நடத்தினார்கள். அது 'எஸ்கேப் ரூம்' என்ற பெயரில் பல நாடுகளுக்கும் பரவியது. நம் பிள்ளைகள் இவற்றையெல்லாம் புதுமை என்று கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். ஆனால் புதிர் நிறைந்த வீடுகளை அரை நூற்றாண்டுக்கு முன்பே கட்டி வைத்த ஒருவர், நம் லேக் மார்க்கெட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருந்தார் என்பதையும் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

சத்யஜித் ராயைத்தான் (1921-1992) சொல்கிறேன். உலகம் அவரைத் திரைப்பட மேதையாக அறியும். வங்காளச் சிறுவர்களுக்கு அவர் முதலில் கதைசொல்லி. அவருடைய தாத்தா உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி 1913-இல் 'சந்தேஷ்' என்ற சிறுவர் பத்திரிகையைத் தொடங்கினார். அந்தப் பெயரே ஒரு சிலேடை. வங்காளியில் 'சந்தேஷ்' என்றால் செய்தி; நாமெல்லாம் விரும்பிச் சாப்பிடும் பால் இனிப்பும் அதுவே. தந்தை சுகுமார் ராய் அபத்தப் பாடல்களில் சொல்லை வைத்துப் பம்பரம் விட்டவர். நின்றுபோயிருந்த பத்திரிகையை 1961-இல் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயுடன் சேர்ந்து ராய் மீண்டும் தொடங்கினார். அதைத் தொடர்ந்து நடத்தக் கதை வேண்டியிருந்தது. அவரே எழுத உட்கார்ந்தார். 1965 டிசம்பர் இதழில் ஃபெலுதா பிறந்தார். அப்போது ராய் வசித்தது லேக் டெம்பிள் ரோட்டில். பின்னர் ஃபெலுதாவுக்கு அவர் கொடுத்த விலாசம் 21, ரஜனி சென் ரோடு. தெரு உண்மை, அந்த வீடு கற்பனை. நம்மவர் பலர் காய்கறிப் பையோடு கடந்து போகும் வட்டாரம்தான் இது.

முழுமையாக எழுதி முடிக்கப்பட்ட ஃபெலுதா கதைகள் 35. கதையைச் சொல்பவன் ஃபெலுதாவின் சித்தப்பா மகனான தொப்ஷே என்ற பையன். இந்த 35-இல் மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். மூன்றிலும் ஒரு பெரிய வீடு, அதற்குள் ஒரு புதிர், அந்தப் புதிருக்குப் பின்னால் ஒரு சொத்து. முடிவுகளையும் குற்றவாளிகளையும் சொல்ல மாட்டேன். சொன்னால் நம் வீட்டுப் பிள்ளைகள் என்னை மன்னிக்க மாட்டார்கள். பூட்டுகள் வேலை செய்யும் விதத்தை மட்டும் பார்ப்போம்.

முதலாவது, 1973-இல் வந்த 'சமாத்தாரேர் சாபி'. பாமுன்காச்சியில் வாழ்ந்த ராதாரமண் சமாத்தார் என்ற முதியவர் பெரிய சங்கீதப் பித்தர்; கஞ்சரும் கூட. தம் பெயரில்தான் சாவி என்பது போல் அரைகுறையாக எதையோ சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறார். வீட்டில் வாத்தியங்கள் இருக்கின்றன, பணத்தைக் காணோம். 'ராதாரமண் சமாத்தார்' என்ற பெயரை வங்காளி எழுத்துகளாகப் பிரித்தால் எல்லாமே ஸ்வரங்கள். வங்காளத்தில் ஸ்வரம் எழுதும் ஆகாரமாத்ரிக முறையில் சுத்த தைவதத்துக்கு 'த'வின் அழுத்தமான வடிவம் ஓர் எழுத்து, கோமள தைவதத்துக்கு மெல்லிய வடிவம் வேறோர் எழுத்து. ஆக அந்தப் பெயரை வாத்தியத்தில் வாசிக்கலாம். பூட்டைத் திறப்பது இரும்புச் சாவி அல்ல, ஒரு மெட்டு.

இரண்டாவது, 1974-இல் தேஷ் பத்திரிகையின் பூஜா மலரில் வந்த 'ராயல் பெங்கால் ரகசியம்'. வடவங்காளத்துக் காட்டோர மாளிகை ஒன்றில், வேட்டைக்காரர் குடும்பத்து முன்னோர் ஒருவர் புதையல் இருக்குமிடத்தைச் செய்யுளாக எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதில் பங்குனி மாதத்தைக் குறிக்கும் சொல் ஒன்று வரும். மாதம் என்று நினைத்தால் கெட்டது. பல்குணன் என்பது அர்ச்சுனன் பெயர். அர்ச்சுனம் ஒரு மரத்தின் பெயர். சோறும் ஐந்தும் சேர்ந்து வரும். 'அன்ன'த்தையும் 'பஞ்ச'த்தையும் கூட்டினால் வங்காளியில் 55 என்ற எண் கிடைக்கிறது. 'விடை' என்ற பொருளில் ஒரு சொல் வரும். விடைக்கு இன்னொரு சொல் 'உத்தரம்', அது வடதிசையையும் குறிக்கும். ஒரு சொல்லைத் தட்டினால் அடுத்த அறைக்குக் கதவு திறக்கிறது.

மூன்றாவது, 1975-இல் வந்த 'குர்குட்டியார் கட்டனா'. பலாஷிக்கு (சரித்திரப் புத்தகத்தில் பிளாசி) அருகே ஒரு கிராமத்து ஜமீன் மாளிகை. காளிகிங்கர் மஜும்தார் என்ற முதியவரிடமிருந்து ஃபெலுதாவுக்கு அழைப்பு வருகிறது. அவருடைய கிளி ஓயாமல் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறது. முக்கண்ணனைப் பார்த்துக் கொஞ்சம் இளைப்பாறு என்று சொல்வது போல் அது ஒலிக்கிறது. அதன் பொருளைக் கண்டுபிடித்தால், பிரெஞ்சுத் துப்பறியும் கதைகளின் முன்னோடி எமில் கபோரியோவின் நூல்களைப் பரிசாகத் தருவதாக முதியவர் சொல்கிறார். அந்த இரவை அந்த வீட்டில்தான் கழிக்க வேண்டும். கிளி சொன்னது கடவுள் பெயர் அல்ல. யாரோ ஆங்கிலத்தில் எண்களை வரிசையாகச் சொல்ல, கிளி அதைப் பிடித்துக்கொண்டது. வங்காளிக் காது அதைத் தாய்மொழியாகக் கேட்டுவிட்டது. இரும்புப் பெட்டியின் எண்பூட்டுக்கு அந்த எண்களே திறவுகோல்.

மூன்று கதைகளையும் அடுத்தடுத்துப் படித்தபோது எனக்கு ஒன்று தெளிவாயிற்று. புதிர் போடுபவர் எல்லா இடத்திலும் மூத்த தலைமுறைக்காரர். சொத்தை ஒளித்து வைத்தவர், அதை முற்றிலும் மறைத்துவிடவும் இல்லை. யாருக்கு இசை தெரியுமோ, யாருக்குப் புராணப் பெயர் நினைவிருக்குமோ, யாருக்குக் காது கூர்மையோ அவருக்குத் திறக்கும்படி பூட்டு செய்திருக்கிறார். ஆகவே புதிர் என்பது ஒரு வகை உயில். ரத்த உறவு மட்டும் போதாது, மொழியும் நினைவும் இருந்தால்தான் வாரிசு என்று அந்த உயில் சொல்கிறது. துப்பறியும் கதையின் சட்டைக்குள் ராய் வைத்த பெரிய விஷயம் இதுவே என்பது என் துணிபு.

இது ராயுடன் தொடங்கியதும் அல்ல. தாகூரின் 'குப்ததன்' கதையில் தலைமுறையாக வந்த ஒரு புதிர்ச் செய்யுள் உண்டு. எழுத்துகளைக் கூட்டியும் கழித்தும் பார்த்தால் ஓர் ஊரின் பெயர் வரும். அந்தப் பெயரைத் தொடர்ந்து போகும் மிருத்யுஞ்ஜயன் கடைசியில் தங்கம் நிறைந்த நிலவறைக்குள் அகப்பட்டுக்கொள்கிறான். அங்கே அவனுக்குத் தங்கம் வேண்டாம் என்றாகிவிடுகிறது. ஆகாயமும் வெளிச்சமும் போதும் என்று கதறுகிறான். புதிரை விடுவித்தவனே சிறைப்படுகிற இந்த அச்சம் ராயின் கதைகளில் குறைவு. ராய் சிறுவர்களுக்கு எழுதினார். ஆகவே சாவியின் மகிழ்ச்சியை அதிகமாகவும் சிறையின் இருட்டைக் குறைவாகவும் வைத்தார். இலக்கிய எடை போட்டால் தாகூரின் தட்டு தாழும். பிள்ளைகள் மறுபடி மறுபடி எடுத்துப் படிப்பது எது என்று கேட்டால் பதில் வேறு.

இனி நம் வீட்டுக்கு வருவோம். ராயின் மூன்று பூட்டுகளுக்கும் தமிழில் சாவி உண்டா? உண்டு என்பதுதான் எனக்கே வியப்பாக இருந்தது.

இசைப் பூட்டை எடுங்கள். நம் வீட்டுப் பெண்கள் பாட்டு வகுப்பில் முதலில் கற்பது மாயாமாளவகௌளை. அது 72 மேளகர்த்தாக்களில் 15-ஆவது. அந்த எண் ராகத்தின் பெயருக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. கடபயாதி முறைப்படி 'மா'வுக்கு 5, 'யா'வுக்கு 1; திருப்பிப் போட்டால் 15. மேசகல்யாணியில் 'மே'வுக்கு 5, 'ச'வுக்கு 6, திருப்பினால் 65. பெயரில் சாவி வைத்தவர் ராதாரமண் சமாத்தார் மட்டும் அல்லவே! பாடலின் சொல்லும் அதைப் பாடும் ஸ்வரமும் ஒன்றாகவே அமைவதை வித்வான்கள் ஸ்வராட்சரம் என்பார்கள். சமாத்தாரின் தந்திரம் அதுதான்.

சொற்பூட்டை எடுங்கள். அர்ச்சுன மரம் என்பது நம் மருத மரம். திருவிடைமருதூருக்கு வடமொழியில் மத்தியார்ஜுனம் என்று பெயர். கும்பகோணம் பக்கத்துப் பாட்டி ஒருத்தி வீட்டில் இருந்தால் ஃபெலுதா அந்த அடிக்கு அவ்வளவு யோசித்திருக்க வேண்டியதில்லை. தொல்காப்பியர் செய்யுளியலில் பாட்டு, உரை, நூல் ஆகியவற்றோடு 'பிசி'யையும் ஒரு வகையாக எண்ணிவைத்தார், அது விடுகதை. திருஞானசம்பந்தர் முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் மாலைமாற்றைப் பதிகமாகப் பாடினார். காளமேகம் சிலேடையையே பிழைப்பாக வைத்துக்கொண்டார். புதிரை நாம் ஒரு காலத்திலும் சிறுபிள்ளை விஷயமாக நினைத்ததில்லை.

எண்பூட்டை எடுங்கள். தமிழ் எண்களில் எட்டுக்கு 'அ' வடிவம், காலுக்கு 'வ' வடிவம். ஔவையார் பாடியதாக வழங்கும் தனிப்பாடல் ஒன்று, ஒருவரை 'அவலட்சணம்' என்று வையும்போது எட்டையும் காலையும் சொல்லியே வைதுவிடும். எண்ணைச் சொல்லி எழுத்தைக் குறிப்பது ஔவை வழி. சொல்லைச் சொல்லி எண்ணைக் குறிப்பது கிளி வழி. இரண்டும் ஒரே பூட்டின் இரண்டு பக்கங்கள்.

சாவிகள் இருக்கின்றன, சரி. அவை யார் கையில் இருக்கின்றன? ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறேழு பிள்ளைகளை உட்கார வைத்துக் கதை படிக்கும் வழக்கம் எனக்கு உண்டு. ஒரு நாள் கிளியின் வாக்கியத்தைச் சொல்லி, "எங்கே, கண்டுபிடிங்க பார்க்கலாம்" என்றேன். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அதை வேகமாகவும் மெதுவாகவும் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள். பத்து நிமிடத்தில் ஒருத்தி, "தாத்தா, இது இங்கிலீஷ் நம்பர்!" என்று துள்ளினாள். தகப்பனாரின் மாற்றலால் மதுரையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த பையன் திருதிருவென்று விழித்தான். பிறகு ஔவையின் எட்டையும் காலையும் சொன்னேன். இப்போது மற்றவர்கள் விழித்தார்கள். மதுரைப் பையன் மட்டும், "எங்க அப்பத்தா சொல்லியிருக்காக" என்று விடையைச் சொன்னான். தமிழில் எண்களுக்குத் தனி எழுத்து இருக்கிறது என்பதே மற்ற பிள்ளைகளுக்குச் செய்தி. "அப்ப ஒன்பதுக்கு எப்படி எழுதணும்?" என்று ஒருத்தி கேட்டாள். அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. யாரும் அவளைப் படிக்கச் சொல்லவில்லை. பூட்டு இருப்பது தெரிந்ததும் சாவியை அவளே கேட்டாள்.

மொழிபெயர்ப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. வங்காளி இலக்கியத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்ததில் த.நா. குமாரசாமி, த.நா. சேனாபதி, இந்த நகரத்திலேயே வாழ்ந்து உழைத்த சு. கிருஷ்ணமூர்த்தி ஆகியோரின் பங்கு பெரிது. ஆனால் அந்த வரவில் பெரியவர்களுக்கான நாவல்களே மிகுதி. சிறுவர் அலமாரி நெடுங்காலம் காலியாக இருந்தது. பின்னாளில் வீ.பா. கணேசன் மொழிபெயர்ப்பில் ஃபெலுதா வரிசை தமிழில் வந்திருப்பது நமக்கு நல்ல காலம். இத்தகைய கதைகளில் மொழிபெயர்ப்பாளர் படும் பாடு தனி. துரத்தலையும் துப்பாக்கியையும் எந்த மொழிக்கும் கொண்டுபோகலாம். பூட்டைக் கொண்டுபோவது கடினம். தமிழில் 'த' ஒன்றுதான். வங்காளியின் இரண்டு தைவதங்களையும் அந்த ஓர் எழுத்தில் எப்படிக் காட்டுவது? மூல ஒலியை அப்படியே வைத்து விளக்கம் சொல்லலாம். அப்போது புதிர் பாடமாகிவிடும். தமிழ்ப் புதிராக மாற்றிப் போடலாம். அப்போது பாமுன்காச்சி பாபநாசம் ஆகிவிடும். வங்காளியும் தமிழும் ஒருசேர அறிந்த நம் பிள்ளைகளுக்கு முதல் வழியே நல்லது என்பேன். அவர்களுக்கு இரண்டு காதும் இருக்கிறதே!

ராயின் வீடுகளில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. புதிர் போடும் முதியவர் எப்போதும் ஆண், விடுவிப்பவரும் ஆண். இந்த வரிசையில் பெண்கள் வருவதே அபூர்வம். வந்தாலும் சாவி அவர்கள் கைக்குப் போவதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பெண்களில் ஒருத்தி, "இதுல பொண்ணுங்களே இல்லியே, ஏன்?" என்று கேட்டது நியாயமான விமர்சனம். இரண்டாவது குறை தொப்ஷேவைப் பற்றியது. அவன் கூடவே போகிறான், பார்க்கிறான், அழகாக எழுதுகிறான். ஆனால் புதிரை விடுவிப்பது பெரியவராகிய ஃபெலுதாதான். லெமன்செல்லோவின் நூலகத்தில் பிள்ளைகள் தாங்களே தடுமாறி, தாங்களே கதவைத் திறக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் அமெரிக்கக் கதை ஒரு படி மேல். மூன்றாவதாக, ராயின் வீடுகள் பெரும்பாலும் ஜமீன் மாளிகைகளும் வசதி படைத்தோர் வீடுகளும். அந்த வீட்டில் நாற்பது வருஷம் விளக்கேற்றிய வேலைக்காரருக்குத் தெரிந்த ரகசியம் புதிரில் சேர்வதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் அமெரிக்க நாவலை விட ராயின் கதைகள் நமக்கு நெருக்கமானவை என்றே சொல்வேன். லெமன்செல்லோவின் புதிர்கள் புத்தகத் தலைப்புகளையும் நூலக எண்களையும் வைத்துப் பின்னப்பட்டவை. கெட்டிக்காரப் பிள்ளை எதுவும் அவற்றைக் கற்றுக்கொள்ளலாம். ராயின் புதிர்களுக்குக் கெட்டிக்காரத்தனம் மட்டும் போதாது. வீட்டில் யாரோ பேசக் கேட்டிருக்க வேண்டும். ஊரை விட்டு வந்த குடும்பங்களுக்கு இந்த வேறுபாடு சாதாரணமானது அல்ல. நாம் பிள்ளைகளுக்கு வீடு வாங்கி வைக்கிறோம், பாங்கில் பணம் போட்டு வைக்கிறோம், நகைக்கு லாக்கர் எடுக்கிறோம். அவற்றின் சாவியை மறக்காமல் கொடுக்கிறோம். சம்பந்தரையும் காளமேகத்தையும் பூட்டி வைத்திருக்கும் பெட்டியின் சாவி மட்டும் நம்மோடு போய்விடும் போலிருக்கிறது.

ஆகவே நம் சங்கத்தாருக்கு இரண்டு விண்ணப்பங்கள். நூலகத்தில் ஃபெலுதாவின் வங்காளி மூலமும் தமிழாக்கமும் பக்கம் பக்கமாக இருக்கட்டும். எந்தப் பூட்டு எந்த மொழியில் திறக்கிறது என்று பிள்ளைகளே ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அடுத்த ஆண்டு மலரில், பிள்ளைகள் தமிழில் புனைந்த புதிர்களுக்கு நான்கு பக்கம் ஒதுக்குங்கள். விடையை இன்னும் நான்கு பக்கம் தள்ளி அச்சிடுங்கள். புதிர் போடும்போது பாட்டியிடம் ஒரு சொல், தாத்தாவிடம் ஒரு கணக்கு கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள். ஒன்பதுக்கு எப்படி எழுதணும் என்று கேட்ட பெண் முதல் புதிரைத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். விடையை என்னிடம் சொல்ல மறுத்துவிட்டாள்.